பொருந்தாததை அடிக்கவும்

உங்கள் சட்டைப்பையில் இருக்கிற பேனாவைக் கொஞ்சம் தருவீர்களா, சார்? ஒரே ஒரு கையெழுத்துத்தான். இல்லை, இப்போதே வேண்டாம். பஸ் எடுக்க இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். எடுப்பதற்கு முன்னால் தந்தால் போதும். ஓடுகிற பஸ்ஸில் போட்டால் கோணிவிடும். கோணினால் இது அப்பா கையெழுத்துதானா என்று யாராவது கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு காகிதம் என் கையால் கெட்டது போதும்.

என்னிடம் பேனா இல்லாமல் இல்லை. முப்பத்தோரு வருஷமாக உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்களின் பேரை வாசிக்கிறது, வந்தவர்களுக்குக் கோடு போடுகிறது, எந்தப் பாத்திக்கு யார் என்று பிரித்து விடுகிறது, இதுதான் என் வேலை. சட்டை இல்லாமல்கூட வெளியே வந்திருக்கிறேன், பேனா இல்லாமல் வந்ததில்லை. இன்றைக்கு வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், அதுவும் எனக்குத் தெரியும்.

இந்தக் காகிதம் என் மகளுடையது. பொன்ரேகா. இருபது வயது. பாளையங்கோட்டையில் படிக்கிறாள். உலக நாடுகள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடி, சூடு ஏறுகிறது, கடல் ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று இரண்டு வாரம் பேசுகிறார்களே, காலநிலை மாநாடு, அதற்கு அவளை அனுப்புகிறார்கள். வேடிக்கை பார்க்க இல்லை, பேச. இளையோர் சார்பில் சிலரைப் பேச விடுவார்களாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு வீட்டிலிருந்து ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று அனுப்புகிற அமைப்பில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இதுதான் அந்தக் கடிதம். இன்று மாலை ஐந்து மணிக்குள் பாளையங்கோட்டை அலுவலகத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் அவள் பெயர் பட்டியலில் போகாது. போன வருஷமும் அவள் போகவில்லை. போனாள், சார். அந்த ஊருக்குப் போனாள், விமானம் ஏறிப் போனாள். மண்டபத்துக்குள்தான் போகவில்லை.

அது என்னால் என்று அவள் நினைக்கிறாள். சொல்லவில்லை, நினைக்கிறாள்.

உப்பளத்துப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நானே கேட்டேன். அவள் சொன்னாள், "அப்பா, மழ பெய்யக் கூடாத மாசத்துல பெஞ்சா மொதல்ல யாருக்குத் தெரியும்? நமக்குத்தான?" அது சரிதான். வெயிலை நம்பித் தொழில் செய்கிறவர்கள் நாங்கள். சித்திரை, வைகாசியில் மழை என்றால் பாத்தியில் விளைந்தது எல்லாம் கரைந்து தண்ணீராகிவிடும். முன்பு பத்து வருஷத்தில் ஒருமுறை அப்படி நடக்கும். இப்போது எந்த வருஷம் நடக்கவில்லை என்று யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை விட்டதும் வருகிற வெயில் இருக்கிறதே, அது வேறு மாதிரி வெயில். கீழே ஈரம், மேலே நெருப்பு. மூச்சு உள்ளே போகாது. ஆனால் போன நாட்களைப் பிடிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிடுவார். வழக்கமாகப் பத்து மணிக்குப் பாத்தியை விட்டுக் கரை ஏறிவிடுகிற பெண்கள் பன்னிரண்டு மணிவரை பாத்தியில் நிற்பார்கள்.

அவள் அம்மா அப்படித்தான் போனாள். வேலுக்கனி. நாற்பத்து மூன்று வயது.

ஆமாம், என் மனைவிதான். கணக்கப்பிள்ளை மனைவி உப்பு வாரப் போவாளா என்று பார்க்கிறீர்களா? போனாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்த அளத்தில்தான் இருந்தாள். நோட்டில்தான் அவளை முதலில் எனக்குத் தெரியும், பிறகுதான் முகம். காலையில் பேர் வாசிக்கும்போது மற்றவர்களைப் போலவே அவளையும் வாசிப்பேன். "வேலுக்கனி." "இருக்கேன்." பெண்கள் சிரிப்பார்கள். இசக்கித்தாய் என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது, "ஏ வேலு, வீட்டுலயும் உன்னய இப்பிடித்தான் பேரு வாசிச்சுக் கூப்பிடுவாராட்டி?" என்பாள். "ஆமா, வீட்டுல கோடு வேற போடுவாரு" என்று இவள் சொல்வாள். நான் சிரிக்க மாட்டேன். வேலை நேரத்தில் நான் சிரிக்கிறதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி. மனைவிக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று ஒருநாளும் என்னை யாரும் சொன்னதில்லை. இன்றைக்கும் நீங்கள் போய் விசாரிக்கலாம்.

அந்த நாளைப் பற்றி நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பதினொரு மணி இருக்கும். வரப்பு வழியாக வந்து என் முன்னால் நின்றாள். "தல கிறுகிறுங்கு. ஏறட்டுமா?" என்றாள். பக்கத்துப் பாத்தியில் ஏழெட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளை விட்டால் அத்தனை பேரும் ஏறுவார்கள். நான் என்ன சொல்ல முடியும்? "இந்த ஒரு பாத்திய முடிச்சிட்டு ஏறு" என்றேன். குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. அவளும் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். விழும்போது முக்கால் பாத்தி முடித்திருந்தாள்.

யோசித்துப் பாருங்கள், என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதை நான் எனக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது.

பொன்ரேகா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அழுதாளா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கல்லூரி சேர்ந்து ஒரு வருஷம் கழித்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. பிரித்துப் பார்த்தால் அரசிதழின் ஒரு பக்கம். பெயர் மாற்றம். த. பொன்ரேகா ஆகிய நான் இன்று முதல் வே. பொன்ரேகா என அழைக்கப்படுவேன். த என்பது நான், தவசிமுத்து. வே என்பது அவள் அம்மா.

நான் உயிரோடு இருக்கிறேன், சார்.

சட்டத்தில் இடம் இருக்கிறது, தெரியும். அம்மா பெயரின் எழுத்தைப் போடலாம், தவறில்லை. ஆனால் அளத்தில் இருக்கிறவர்களுக்குச் சட்டமா தெரியும்? இசக்கித்தாய் பேர் வாசிக்கிற நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "என்ன கணக்கப்பிள்ள, ஒம்ம எழுத்த மக அடிச்சிட்டாளாமே? இனி ஒமக்கு யாரு கோடு போடுவா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த பேரை வாசித்தேன். மகளிடம் போனில் கேட்டேன். "அம்மா பேரு எங்கயாவது இருக்கணும்லப்பா" என்றாள். "வீட்ல போட்டோ இருக்கே" என்றேன்.  அவள், "சாப்பிட்டியளா?" என்றாள்.

பாஸ்போர்ட்டும் அந்தப் பெயரிலேயே எடுத்தாள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஓர் எழுத்துத்தான். ஆனால் வெளிநாட்டுக் காகிதத்தில் எழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். பொன்ரேகா வேலுக்கனி என்று விரித்துவிட்டாள். அந்தப் புத்தகத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் செய்தது நடந்திருக்காது. பாருங்கள், அதையும் யோசிக்க வேண்டும். தப்பு முழுவதும் ஒரு பக்கம் மட்டுமா இருக்கிறது?

போன வருஷம் அவளைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள் இருந்தாள். நல்ல நான்கு நாள். ஒருநாள் சாயங்காலம், "அப்பா, வாட்ச்ச எடுங்க, நான் பேசுதேன், ரெண்டு நிமிசத்துக்குள்ள வருதான்னு பாருங்க" என்றாள். ஆங்கிலத்தில் ஒருமுறை, எனக்காகத் தமிழில் ஒருமுறை. தமிழில் பேசியது எனக்கு மனப்பாடம். "என் அம்மா வேலுக்கனி உப்பு வாரும் தொழிலாளி. மழையால் போன நாட்களை ஈடுகட்ட அன்று அதிக வெயிலில் வேலை நடந்தது. தலை சுற்றுகிறது, ஏறட்டுமா என்று என் அம்மா கேட்டார். ஏறலாம் என்று சொல்ல அங்கே ஒரு விதி இருக்கவில்லை. எங்களுக்கு அந்த விதி வேண்டும்." இப்படிப் போகும். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. நான்கு இடத்தில் அவள் அம்மா பெயர் வருகிறது.

நான் எதில் வருகிறேன் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். எங்கேயும் வரவில்லை. ஒரு வரிகூட இல்லை. பிளஸ் டூ வரைக்கும் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனவன் நான், விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். உலகமே கேட்கப்போகிறது, அதில் அப்பா என்று ஒருவன் இருப்பதாகவே தெரியாது. "எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "நேரம் சரியா இருக்கு" என்றேன்.

அங்கே என்ன நடக்கும் என்றும் அப்போதுதான் சொன்னாள். ஒரு தீர்மானம் எழுதுவார்களாம். எல்லா நாடும் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்களாம். பிறகு ஒவ்வொன்றாகப் பேசி, ஒன்று அடைப்பை எடுத்துவிடுவார்கள், இல்லை அடைப்போடு சேர்த்துச் சொல்லையே எடுத்துவிடுவார்கள். 'வெயிலில் வேலை செய்வோர்' என்று ஒரு சொல் அந்த அடைப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியே நிறுத்தத்தான் இவளும் இவள் வயசுப் பிள்ளைகளும் எட்டு மாதமாக நாடு நாடாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "நமக்கு உள்ள சொல் அதுதான்ப்பா. அது நிக்கணும்" என்றாள். எழுத்து வேலை தெரிந்தவன் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது. ஒரு சொல் நோட்டில் இருப்பதும் இல்லாததும் என்னவென்று எனக்குத் தெரியாதா?

அவள் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய மறுநாள் அந்த வருஷத்து ஒப்புதல் கடிதம் தபாலில் வந்தது. பெயர் இருக்கிற இடத்தில் தட்டச்சில் 'பொன்ரேகா வேலுக்கனி' என்று போட்டிருந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று உண்மையாகவே சொல்கிறேன். அவமானத்தை நினைக்கவில்லை, இசக்கித்தாயை நினைக்கவில்லை. இந்தப் பெயரைப் படிக்கிற வெளிநாட்டுக்காரன் இந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை என்று நினைப்பானே என்றுதான் நினைத்தேன். கேட்க ஆள் இல்லாத பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாதே. அதாவது, அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கேலை வைத்து வேலுக்கனி என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். மேலே 'தவசிமுத்து' என்று எழுதினேன். திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. அதையும் போட்டேன். முறையாகச் செய்தேன். அதோடு நிற்காமல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஷீபா மேடம் என்று ஒருவர், நல்ல மாதிரி. "மகள் பெயர் தப்பா விழுந்திருக்கும்மா, திருத்தி அனுப்பியிருக்கேன், அதன்படி பதிஞ்சிருங்க" என்றேன். "அப்பா நீங்களே சொல்லிட்டீங்க, சரி சார், நல்லவேளை பார்த்தீங்க" என்றார். நல்லவேளை என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மாநாட்டுப் பட்டியலில் ஒரு பெயர். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் பேச வேண்டிய நாள் அங்கே காலை பதினொன்று, இங்கே பிற்பகல் மூன்றரை. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று முகவரி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு அளத்திலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தட்டுமேட்டில், உப்பைக் குவித்து வைத்திருக்கிற மேட்டில், ஓலைக் கொட்டகை நிழலில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் போனைத் தூக்குவாளியில் சாய்த்து வைத்தேன். பெரிய மண்டபம். வரிசை வரிசையாக ஆட்கள். பாதிப்பேர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கித்தாய் சொன்னாள், "எல்லாரும் கோட்டு போட்டுருக்காவ. அங்கெல்லாம் வேர்க்காதோ?" "அவ்வளவு குளுருற எடத்துக்கு எதுக்குட்டி போனாவ, வெயிலப் பத்திப் பேச இங்க வந்தா ஆவாதா?" என்று இன்னொருத்தி. சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன், வேலை நேரம் முடிந்திருந்தது.

மேடையில் ஓர் அம்மாள் பேர் வாசித்தார். ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசித்தார். "பொன்ரேக்கா... தவாசி... முத்து."

என் பெயர், சார். கடல் தாண்டி, அத்தனை நாட்டு ஆட்கள் இருக்கிற மண்டபத்தில், ஒலிபெருக்கியில்.

"ஏ கணக்கப்பிள்ள, ஒம்ம பேரு!" என்று இசக்கித்தாய் கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் ஒரு காலி நாற்காலியைக் காட்டினார்கள். நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம். மறுபடியும் வாசித்தார். மூன்றாவது முறையும் வாசித்தார். மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் காகிதத்தில் என்னவோ எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். ஏதோ தீவிலிருந்து வந்த பையன் ஒருவன் எழுந்து பேச ஆரம்பித்தான்.

கை தட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இசக்கித்தாய்தான் மெல்லக் கேட்டாள். "வரலேன்னு எழுதிட்டாவளோ?"

ஆமாம். அந்த அம்மாள் என்ன எழுதினார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவள் போன் செய்தபோது நாலரை மணி. காற்றுச் சத்தம்தான் கேட்டது. வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இரண்டு நாளாக அங்கேதான் நின்றிருக்கிறாள். பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், பட்டியலைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பெயர் திருத்தும் நாள் முடிந்துவிட்டது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். கூடப் போயிருந்த ஷீபா மேடம் உள்ளே மேசை மேசையாக ஓடியிருக்கிறார். "அப்பா, நீங்க ஆபீசுக்குப் போன் பண்ணுனியளா?" என்றாள். "ஆமா, பேரு தப்பா இருந்துச்சு, திருத்தச் சொன்னேன்" என்றேன்.  "சரிப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? அவள் அம்மாவும் அப்படித்தான். சொன்னதும் திரும்பிப் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் மாலை உள்ளே விட்டார்கள். அதற்குள் 'வெயிலில் வேலை செய்வோர்' போய்விட்டது. அடைப்புக்குறியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அவள் ஊர் திரும்பியதும் நான் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம், "நீ ரெண்டு நிமிசம் பேசியிருந்தா மட்டும் நின்னுருக்குமா?" என்றேன். நியாயமான கேள்விதானே? அவள் பையைக் கீழே வைக்கவில்லை. "நின்னுருக்காதுப்பா. ஆனா அத எடுக்கும்போது நான் உள்ள இருந்துருப்பேன்" என்றாள். அன்றைக்கே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு பத்து மாதம். தேவைக்குப் பேசுகிறாள். சாப்பிட்டியளா என்று கேட்பதில்லை.

டிரைவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, இன்னொன்று வாங்குகிறார். நல்லது.

இந்த வருஷமும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை மறுபடி உள்ளே கொண்டுவரப் போகிறார்களாம், முதலிலிருந்து. கடிதம் முந்தாநாள் வந்தது. எல்லா இடமும் அவள் கையெழுத்திலேயே நிரப்பியிருக்கிறாள், பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி. நான் எழுத ஓர் இடம் மிச்சம் வைக்கவில்லை. போனில் ஒரு செய்தியும் அனுப்பினாள். இதோ: 'கையெழுத்து மட்டும் போடுங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்.' அவ்வளவுதான். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று நானே கொண்டு போகிறேன். இரண்டு நாளாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன், சார். கடைசி நாள் வரைக்கும்.

காரணம் இந்த வரி. இங்கே, கீழே. 'பெற்றோர் / பாதுகாவலர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பொருந்தாததை அடிக்கவும்.' அவள் அடித்திருக்கிறாள். எதை அடித்திருக்கிறாள் என்று பாருங்கள். ஸ்கேல் வைத்து, ஒரே கோடு, நான் கற்றுக்கொடுத்த மாதிரி.

முதலில் கோபம் வந்தது. நான் பெற்றவன் இல்லையா? இது பொய் இல்லையா? பொய்யான காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உடனே பேனாவை எடுத்தேன். பாதுகாவலரை அடித்துவிட்டுப் பெற்றோர் என்று மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டால் முடிந்தது, ஒரு நிமிடம் ஆகாது. பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. வேலுக்கனி போன பதினாறாம் நாள் முடிந்து நான் வேலைக்குப் போனேன். ஐந்து மணி. நோட்டைத் திறந்து வாசித்துக்கொண்டே வருகிறேன், வரிசையில் அந்தப் பெயர் வந்தது, வாசித்துவிட்டேன். பழக்கம். "வேலுக்கனி."  நான் அடுத்த பேருக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். இசக்கித்தாய்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "வரல, அண்ணாச்சி." கணக்கப்பிள்ளை என்று சொல்லாமல் அவள் என்னை அண்ணாச்சி என்றது அந்த ஒருநாள்தான். ஆள் போய்விட்டால் பெயரை அடிக்க வேண்டும். அதுதான் முறை. நான் அடிக்கவில்லை. அந்த மாதம் முடிந்து புது நோட்டுப் போடும்வரை அது அப்படியே இருந்தது. என் நோட்டில் அடிக்க மனசு வராத பெயரை என் மகளின் காகிதத்தில் ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன். இது எனக்கு நேற்றுவரை தோன்றவே இல்லை.

தோன்றியதும் கோபம் போய்விட்டது. போனதும் வேறு கஷ்டம். பெற்றவன் என்று போட்டால் பொய் இல்லை, சார். எந்த இடத்திலும் போடுவேன். காத்தவன் என்று இருக்கிறதே, அதன்கீழ் எப்படிக் கையெழுத்துப் போடுவது? என் கண் முன்னால் நின்று ஏறட்டுமா என்று கேட்டாள். ஒரு சொல்தான் கேட்டாள். ஏறு.

அந்த இரண்டு நிமிடப் பேச்சில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று சொன்னேனே, அதுதான் எனக்கு இன்னமும் வருத்தம். அம்மா யாரிடம் கேட்டாள் என்றாவது சொல்லியிருக்கலாம். விதி இருக்கவில்லை என்று முடித்துவிட்டாள். கேட்டது என்னிடம்தானே, சொன்னது நான்தானே, பெயரைச் சொன்னால் என்ன?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஏன் சார்?

அவளுக்குத் தெரியும் என்கிறீர்களா? தெரியாமல் என்ன, ஊருக்கே தெரியும். இசக்கித்தாய் சொல்லியிருப்பாள். தெரிந்துதான்...

அப்படியா? வேண்டுமென்றேதான் என் பெயரை விட்டிருப்பாளா? எனக்காகவா?

கொஞ்சம் இருங்கள்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். ஒன்றும் இல்லை.

கண்டக்டர் விசில் எடுத்துவிட்டார். பேனாவைத் தாருங்கள். இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். இந்த வரியில்தானே? அந்தக் கோட்டுக்குக் கீழே, பாதுகாவலர் என்று இருக்கிற இடத்தில்.

ஓர் உதவி செய்யுங்கள், சார். கையெழுத்துப் போட்டு முடித்ததும், நான் கேட்டாலும் தராமல், பேனாவை உடனே என் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.